கை விழுந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்!

1953-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோ நகருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த ஒரு மாளிகை. பொழுது விடிந்தது, உச்சி வேளை கடந்தது, மாலையும் வந்துவிட்டது. சோவியத் நாட்டின் சர்வாதிகாரி ஸ்டாலின் தம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அழைப்பு இல்லாமல் உள்ளே போகக் காவலர்களுக்குத் துணிச்சல் இல்லை. இரவில் ஒருவாறு உள்ளே சென்று பார்த்தபோது அவர் தரையில் விழுந்து கிடந்தார். பேச்சு இல்லை. வலது பக்கம் செயலற்றுப் போயிருந்தது.

செய்தி மேலிடத்துக்குப் பறந்தது. தலைவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். டாக்டர்கள் வந்து சேர்ந்ததோ மறுநாள் காலையில்தான். அவருடைய சொந்த டாக்டரான வினோகிராதோவ் அப்போது சிறையில் கிடந்தார். அவரைக் கைது செய்தது ஸ்டாலினுடைய அரசாங்கமேதான். மார்ச்சு 5-ந் தேதி இரவு ஸ்டாலின் இறந்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது.

டாக்டர் உடனே வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ரத்தக் குழாய் வெடித்தால் அந்தக் காலத்தில் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. ஆனால் இன்று நிலைமை வேறு. செய்வதற்கு எத்தனையோ இருக்கின்றன. அவற்றைச் செய்வதற்கு நேரம்தான் இருப்பதில்லை. அந்த நேரத்தை வீணாக்குவது நோய் அன்று, வீட்டில் இருப்பவர்களே. "பித்தம் தலைக்கேறிவிட்டது", "வாயுப் பிடிப்பு", "படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும்", "விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நாலு வார்த்தைகள் எத்தனையோ பேரை ஆயுள் முழுவதும் கட்டிலில் கிடத்தியிருக்கின்றன.

மூளையின் பசி

மனிதனுடைய மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் முழுவதும் செலவாகும் பிராண வாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. வேளைக்கு வேளை அல்ல, விநாடிக்கு விநாடி அதற்கு ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த ரத்தக் குழாயில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டால் பக்கவாதம். குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதமே. பாரிச வாயு என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். உலக அளவில் பார்த்தால் அடைப்பினால் வருவதே மிக அதிகம். மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டு வைத்தியம் இல்லாமல் விட்டால், நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு அணுக்கள் மடிகின்றன என்று 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். டாக்சிக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காப்பி குடித்துக் காத்திருக்கும் அரை மணியில் எவ்வளவு போகும் என்பதை வாசகர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

முகம், கை, பேச்சு

பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மூன்று சோதனைகள் போதும். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

முதலாவது முகம். "அப்பா, கொஞ்சம் சிரியுங்கள்" என்றோ, "பல்லைக் காட்டுங்கள்" என்றோ சொல்ல வேண்டும். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா, ஒரு பக்கம் அசையாமல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது கை. கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்ல வேண்டும். பத்து எண்ணும் வரை நீட்டியபடி இருக்க வேண்டும். ஒரு கை மட்டும் மெல்லத் தாழ்ந்தால், அந்தப் பக்கம் பலம் குறைந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது பேச்சு. "இன்று ஞாயிற்றுக்கிழமை; மழை வரும்போல் இருக்கிறது" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். நாக்குக் குழறுகிறதா, வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறாரா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா என்று கவனிக்க வேண்டும். பேத்தியின் பெயர் தெரியாமல் விழிக்கும் தாத்தாவை "வயசாகிவிட்டது" என்று சொல்லித் தள்ளிவிடுவது பெரிய தவறு. நேற்று வரை தெரிந்த பெயர் இன்று திடீரென்று மறந்துபோனால், அது வயசினால் வந்தது அல்ல.

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியதுதான். இவை தவிர, திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், குடித்தவர்போல் தள்ளாடுதல் ஆகியவையும் மூளையின் எச்சரிக்கைகளே. "திடீரென்று" என்ற சொல்லை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலியும் முதுகு வலியும் நாள்பட வருபவை. பக்கவாதமோ கதவைத் தட்டாமல் உள்ளே நுழைகிற திருடன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கவாதத்தில் பல சமயம் வலியே இருப்பதில்லை. மார்பு வலி வந்தால் துடிக்கிறவன், கை மரத்துப்போனால் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு படுத்துவிடுகிறான்.

தானாகச் சரியானாலும்...

சிலருக்கு வாய் கோணிப் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். கை விழுந்து அரை மணியில் திரும்ப எழும். வீட்டார் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். ஆனால் அது பெரிய புயலுக்கு முன் வீசிய காற்று. அடைத்த கட்டி தானாக விலகியதால் கை எழுந்தது. இன்னொரு கட்டி வரும் அபாயம் அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். ஆகவே குணமான பிறகும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தச் சில மாத்திரைகளும் பரிசோதனைகளும் பெரிய பக்கவாதத்தைத் தடுத்துவிடக்கூடும்.

செய்யக் கூடாதவை

வாய் கோணியவருக்குத் தண்ணீர், சோடா, காப்பி எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் சக்தி போயிருந்தால் அது சுவாசப் பையில் இறங்கிவிடும்; பிறகு அதுவே நிமோனியாவாக மாறும்.

மாரடைப்புக்குக் கொடுப்பதைப்போல் ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கக் கூடாது. அடைப்பா, கசிவா என்பது ஸ்கான் எடுத்துப் பார்க்காமல் எந்த டாக்டருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும்.

ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது என்று வீட்டில் இருக்கும் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதிலும், புறா ரத்தம் தேடி அலைவதிலும் நேரத்தைப் போக்கக் கூடாது.

செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. நீரிழிவுக்காரராக இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று உடனே பார்க்க வேண்டும். சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டாலும் வாய் குழறும், கை தளரும், வலிப்பும் வரும். பிரக்ஞையோடு நன்றாக விழுங்கக்கூடியவரானால் சர்க்கரை கொடுக்கலாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் போடக் கூடாது.

வலிப்பு வந்தால்

நட்ட நடுத் தெருவில் ஒருவர் விழுகிறார். கண் செருகுகிறது. பல் கிட்டிப்போகிறது. கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. சுற்றிலும் கூட்டம். "சாவி எங்கே? சாவிக்கொத்து எங்கே?" என்று நாலு பேர் கூவுகிறார்கள்.

சாவி வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிஷத்தில் தாமாகவே நின்றுவிடும். சாவியைக் கையில் திணிப்பதற்கும் வலிப்பு நிற்பதற்கும் சரியாக இருக்கும்; சாவிக்குப் பெருமை வந்துவிடும். அவ்வளவுதான்!

பல்லுக்கு நடுவில் கரண்டியையோ விரலையோ நுழைக்கக் கூடாது. பல் உடையும், விரல் கடிபடும். கைகால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. தலைக்கு அடியில் துண்டை மடித்து வைக்க வேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். பக்கத்தில் அடுப்பு, கல், கூர்மையான பொருள் இருந்தால் அப்புறப்படுத்த வேண்டும். வெட்டல் ஓய்ந்ததும் ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு தடைபடாது. தெளிவு வரும் வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அது சாதாரண வலிப்பு அல்ல. தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. மருந்து செலுத்தித்தான் நிறுத்த வேண்டும். ஒரு வலிப்பு நின்று பிரக்ஞை திரும்புவதற்குள் இன்னொன்று வந்தாலும் அப்படியே. முதன்முதலாக வந்த வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வந்த வலிப்பு, தண்ணீரில் இருக்கும்போது வந்த வலிப்பு ஆகியவற்றுக்கும் ஆஸ்பத்திரி அவசியம்.

கர்ப்பிணிக்கு வரும் வலிப்பு தனி ரகம். ரத்தக் கொதிப்பு ஏறி, முகமும் காலும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் கண்டு, பிறகு வலிப்பு வரும். அது தாய், சேய் இருவருடைய உயிருக்கும் ஆபத்து. மெக்னீசியம் சல்பேட் என்ற எளிய, மலிவான மருந்து இதற்குக் கைகண்டது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் நடந்த சோதனை ஒன்று 1995-ல் அதை நிலைநாட்டியது. பேயோட்டுகிறவரைத் தேடிப் போன நேரத்தில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய தாய்மார்கள் எத்தனையோ பேர்.

குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பு பார்ப்பதற்குக் குலை நடுங்க வைக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இது வருவதுண்டு. பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. ஆனாலும் முதல் தடவை வந்தால் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். காய்ச்சலுக்குக் காரணம் மூளைக் காய்ச்சலாக இருக்கக் கூடாதல்லவா?

எல்லா வலிப்பும் வெட்டி இழுப்பதில்லை. சிலர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்ப்பார்கள், வாயைச் சப்புக்கொட்டுவார்கள், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், கூப்பிட்டால் பதில் இராது. இதுவும் வலிப்பே. வலிப்பு நின்ற பிறகு சில மணி நேரம் ஒரு கை தளர்ந்து கிடப்பதும் உண்டு. பக்கவாதம் போலவே தோன்றும். எது எது என்று தீர்மானிப்பது டாக்டர் வேலை. வீட்டார் வேலை கொண்டு சேர்ப்பது.

விழுந்தவன் எழுந்து பேசினாலும்

சைக்கிளிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்தவன் எழுந்து உட்காருகிறான். "ஒன்றுமில்லை" என்று சிரிக்கிறான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். சில மணி நேரம் கழித்துத் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று படுக்கிறான். பிறகு எழுப்பினால் எழுவதில்லை. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் தேங்கி மூளையை அமுக்கும்போது இப்படி நேர்கிறது. உரிய நேரத்தில் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் முழுக்கக் குணமாகக்கூடிய நோய் இது. நேரம் தப்பினால் உயிரே போகும்.

அடிபட்டவருக்கு வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், தூக்கக் கலக்கம் அதிகமானாலும், ஒரு கண்ணின் பாவை பெரிதாகத் தெரிந்தாலும், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வந்தாலும் தாமதம் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சிறிய அடிகூடப் பெரிய ஆபத்து. சில வாரங்கள் கழித்தும் அது தலைகாட்டும்.

இடிபோல் ஒரு தலைவலி

தலைவலி வராத மனிதர் இல்லை. ஆனால் ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்கு ஏறுகிற தலைவலி, "வாழ்நாளில் இப்படி வந்ததே இல்லை" என்று சொல்ல வைக்கிற தலைவலி, மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, தலையில் கடுமையான வலி என்று சொன்னார், நினைவிழந்தார், அன்றே மூளை ரத்தக் கசிவினால் இறந்தார். நெடுநாளாக அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதை அடக்க நல்ல மருந்துகள் அன்று இல்லை. இன்று உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன.

தலைவலியோடு காய்ச்சலும் சேர்ந்து, கழுத்தைக் குனிக்க முடியாமல் விறைத்து, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசினால் மூளை உறைக் காய்ச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கும் மணிக்கணக்குத்தான், நாள் கணக்கு அல்ல.

கடித்தது தெரியாமலே

கிராமங்களில் இன்னொன்று உண்டு. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுகிறார். வாந்தி எடுக்கிறார். கண் இமைகள் தூக்க முடியாமல் சரிகின்றன. பேச்சுக் குழறுகிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பில் காயமே தெரியவில்லை. பக்கவாதமா? இரண்டு இமைகளும் சேர்ந்து சரிந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அது இரவில் வந்து கடிக்கும், வலிக்காது, தடம்கூடத் தெரியாது. அதன் விஷம் நரம்பைக் கட்டும். கடைசியில் மூச்சையும் நிறுத்தும்.

விஷமுறிவு ஊசியும் செயற்கைச் சுவாசமும் இருந்தால் பிழைக்க வைக்கலாம். அந்த ஊசி செய்வதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில், மாமல்லபுரத்துக்கு அருகே 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மந்திரம் ஜபித்துக்கொண்டிருப்பவர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டிய வேளை அல்ல அது.

அன்றும் இன்றும்

1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1950-ல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி அந்தப் பணியைத் தொடங்கினார். அன்று மூளைக்குள் பார்ப்பதற்கு நேர்வழி இல்லை. காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழலைப் பார்த்து நோயை ஊகித்தார்கள்.

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் முதல் நோயாளியின் மூளை சி.டி. ஸ்கான் கருவியில் படமாயிற்று. அதை அமைத்த ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று சில நிமிஷத்தில் அடைப்பா, கசிவா என்பது தெரிந்துவிடுகிறது.

கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால் பலன் உண்டு என்று 1995-ல் தெரிந்தது. 2008-ல் அந்த எல்லை நாலரை மணியாக நீண்டது. பெரிய குழாயில் அடைத்த கட்டியைத் தொடையிலிருந்து மெல்லிய குழல் செலுத்திப் பிடித்து இழுக்கும் முறை 2015-ல் உறுதிப்பட்டது. தகுந்த சிலருக்கு 24 மணி வரையிலும் அதைச் செய்யலாம் என்று 2018-ல் கண்டார்கள். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கடைசிப் பஸ் எப்போது புறப்படும் என்பதற்கு மட்டுமே. முதல் பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் அதிகப் பலன்.

ஆகையால்தான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது ஆரம்பித்தது?" என்பது. தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். "இரவு பத்து மணிக்குப் பால் குடித்துவிட்டுப் படுத்தார்" என்ற ஒரு வரிக்கு அங்கே தங்கத்தின் விலை உண்டு.

விழுந்தும் எழுந்தவர்

பக்கவாதம் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. லூயி பாஸ்டருக்கு 1868-ல், 45-வது வயதில் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் பலம் குன்றியது. அந்தக் குறை கடைசி வரை நீங்கவில்லை. வெறிநாய்க்கடிக்கு அவர் கண்ட தடுப்பூசியை ஒரு சிறுவனுக்குப் போட்டு உயிரைக் காத்தது 1885-ல். அதாவது பக்கவாதம் வந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு! தேகப் பயிற்சியும், பேச்சுப் பயிற்சியும், வீட்டாரின் பொறுமையும் கூடினால் விழுந்த கை எவ்வளவோ எழும்.

வராமல் காப்பது அதைவிட மேல். ரத்தக் கொதிப்பே முதல் எதிரி. அது வலிக்காது; அளந்து பார்த்தால்தான் தெரியும். புகையிலை, பீடி, சிகரெட், அடங்காத நீரிழிவு, ஒழுங்கு தவறிய இதயத் துடிப்பு ஆகியவை அதன் கூட்டாளிகள். வலிப்புக்காரர் மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில நாட்களிலேயே நிற்காத வலிப்பு வந்து விழுந்தவர்கள் உண்டு.

சுவரில் எழுதி வைக்க

முதியவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டில் ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது. சாப்பிடும் மருந்துகளின் பெயர்கள். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சாதாரணமாக எவ்வளவு. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. ஸ்கான் வசதியோடு இரவும் பகலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும். அடியில் பெரிய எழுத்தில் 108. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இந்த ஆம்புலன்சுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தாளை ஒட்டினால் மட்டும் போதாது. வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பையனுக்கும் அதைப் படித்துக் காட்டி, முகம், கை, பேச்சு ஆகிய மூன்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் வெளியே போயிருக்கும் மத்தியான வேளையில் பாட்டிக்குப் பக்கத்தில் இருப்பவன் அவன்தான்.